கடலுக்குப் போகும் தண்ணீரை வீண் என்று எழுதுவோருக்கு

ஆற்றுத் திட்டங்களை வகுக்கும் பொறியாளர்களுக்கும் அவற்றுக்குக் கையெழுத்திடும் அதிகாரிகளுக்கும்:

எங்கள் ஆறு கடலில் சேரும் இடத்துக்குச் சற்று மேலே கதவணை கட்டப்போவதாக நீங்கள் ஒட்டிய அறிவிப்பைப் படித்தேன். நோக்கம் என்ற இடத்தில் ஒரே வரிதான் இருந்தது: கடலில் வீணாகக் கலக்கும் வெள்ள நீரைத் தடுத்துச் சேமிப்பது. கருத்துக் கேட்புக் கூட்டத்திலும் உங்கள் அலுவலர் அதையே மூன்று முறை சொன்னார். "வீணாகிறது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?" என்று எழுந்து கேட்டேன். "கடலுக்குப் போனா வீண்தானேம்மா" என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒவ்வொரு ஐப்பசியிலும் செய்தித்தாள் அந்தச் சொல்லைத்தான் தலைப்பில் போடுகிறது. நானும் அதைப் படித்து வளர்ந்தவள்தான். ஆனால் இப்போது அந்த ஒரு சொல்லை நம்பிக் கான்கிரீட் ஊற்றப்போகிறீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

ஊர்ப் பெயரையும் ஆற்றின் பெயரையும் வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். எழுதினால் அந்த ஊர்ப் பிரச்சினை என்று கோப்பில் கட்டி வைத்துவிடுவீர்கள். இந்தக் கரை நெடுக எத்தனையோ ஆற்று வாய்கள் இருக்கின்றன. இன்று எங்களுக்குச் சொல்லும் காரணத்தையே நாளை மற்றவர்களுக்கும் சொல்வீர்கள்.

என் அப்பா வீச்சுவலைக்காரர். நான் நிலவியல் படித்து, 26 ஆண்டுகள் கல்லூரியில் பாடம் நடத்திவிட்டு ஓய்வு பெற்றவள். இரண்டையும் சேர்த்தே பேசுகிறேன்.

எனக்கு ஒன்பது வயது இருக்கும்போது அப்பா ஒரு வித்தை காட்டினார். சோடா பாட்டிலின் கழுத்தில் கயிறு கட்டி, பக்கத்தில் ஒரு கல்லைச் சேர்த்துக் கட்டி, வாயைத் தக்கையால் லேசாக அடைத்து, தோணியிலிருந்து மெல்ல இறக்கினார். கல் அடியில் தட்டியதும் தக்கையில் கட்டியிருந்த இன்னொரு கயிற்றைச் சுண்டினார். குமிழ் குமிழாகக் காற்று மேலே வந்தது. பாட்டிலைத் தூக்கி, என் உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி நாக்கில் வைத்துப் பார்க்கச் சொன்னார். நாக்கு சுண்டிப்போகும் அளவுக்குக் கரிப்பு. "இப்ப மேல இருக்கிறதைக் குடிச்சுப் பாரு" என்றார். அதே இடத்தில், அதே நிமிடத்தில், மேல் தண்ணீர் சப்பென்று இருந்தது. ஆற்றுத் தண்ணீர்!

அப்பா அதற்கு விளக்கம் எதுவும் சொல்லவில்லை. பத்தாண்டு கழித்து வகுப்பறையில்தான் கிடைத்தது. கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கிறது. ஒரு கன மீட்டர் நன்னீர் 1,000 கிலோ என்றால் கடல்நீர் 1,025 கிலோ. இந்த 25 கிலோ வித்தியாசம் போதும், கடல்நீர் அடியில் ஆப்புப் போல ஆற்றுக்குள் நுழைந்து வர, நன்னீர் அதன் முதுகில் ஏறிக் கடலுக்குப் போக. மேலே வெளியே போகும் ஓட்டம், கீழே உள்ளே வரும் ஓட்டம். கழிமுகம் உயிரோடு இருப்பது இந்த இரட்டை ஓட்டத்தால்தான். மேலே போகும் நன்னீர் அடிநீரிலிருந்து உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டே போகிறது. அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து புதுத் தண்ணீர் அடியில் வந்துகொண்டே இருக்கிறது. நன்னீர் நின்றால் அடிநீரின் வரத்தும் அடங்கிவிடும். கதவை மூடினால் நிற்பது ஒரு பக்க ஓட்டம் மட்டும் என்று உங்கள் வரைபடத்தில் இருக்கிறது. தண்ணீர் அப்படி நடந்துகொள்வதில்லை.

ஆறு கொண்டுவரும் களிமண் துகள்களைப் பாருங்கள். நன்னீரில் அவை ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு, எவ்வளவு தூரமானாலும் மிதந்தே வரும். உப்பு பட்டதும் அந்தத் தள்ளல் அடங்கி, பால் திரிவதுபோல் திரிதிரியாகத் திரண்டு அடியில் அமிழும். இலைமக்கும் சாணச்சத்தும் அந்தத் திரியோடு ஒட்டிக்கொண்டே இறங்கும். எங்கள் சேறு கறுத்துக் கிடப்பதும், காலை வைத்தால் முழங்கால் வரை வாங்குவதும் இதனால்தான். அழுக்கு என்று உங்கள் அறிக்கையில் எழுதியிருக்கிறீர்கள். ஒரு கூடை அள்ளி சல்லடையில் போட்டு அலசுங்கள். புழுக்கள், பொடி மட்டி, நத்தை, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் துள்ளும் இறால் பொடி. கடல் மீனின் தொட்டில் அது.

இறால் முட்டையிடுவது கடலில். அதன் பொடி, கடல்நீர் ஆற்றுக்குள் ஏறி வரும் ஏற்றத்தின்போது தண்ணீரில் எழும்பி உள்ளே மிதந்து வரும், அது இறங்கிப் போகும் வற்றத்தின்போது அடியில் ஒண்டிக்கொள்ளும். இப்படி ஏற்றம் ஏற்றமாக ஏறி உவர்நீருக்குள் வந்து, சில மாதம் தின்று வளர்ந்து, திரும்பக் கடலுக்குப் போகும். மடவையும் கடலில் முட்டையிட்டுக் குஞ்சை உள்ளே அனுப்பும் மீன்தான். களி நண்டில் முட்டை சுமக்கும் பெண் நண்டு மட்டும் கடலைத் தேடிப் போகும். கொடுவா இளமையில் ஆணாக இருந்து, வயது ஏறியதும் பெண்ணாக மாறும். பருவத்துக்குப் பருவம் உப்பும் நன்னீரும் மாறி மாறி வேண்டும் அதற்கு. விலாங்கு நேர்மாறு, ஆற்றில் வளர்ந்து கடலுக்கு இனம்பெருக்கப் போகிறது. இத்தனைக்கும் ஒரே வாசல்தான். அதில் கதவு போடுகிறீர்கள். மீன் ஏணி வைப்போம் என்று ஒருவர் சொன்னார். நீந்தி ஏறும் மீனுக்குத்தான் ஏணி. நகத்தளவு இறால் பொடிக்கு ஏற்றம்தான் வண்டி.

அப்புறம், உங்கள் பயனாளிகள் பட்டியலிலும் பாதிக்கப்படுவோர் பட்டியலிலும் இல்லாத சிலரைப் பற்றிச் சொல்ல வேண்டும். படகு இல்லாத, வலை இல்லாத பெண்கள். மார்பளவுத் தண்ணீரில் இறங்கி, பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவித் தடவி இறாலும் நண்டும் பிடிக்கிறவர்கள். பிச்சாவரம் பக்கத்து இருளர் பெண்களிடம் இன்றும் இதைப் பார்க்கலாம். எங்கள் ஊரிலும் உண்டு. தண்ணீர் வற்றி எவ்வளவு இறங்கும், எத்தனை நேரம் நிற்க முடியும் என்பதை வைத்துத்தான் அவர்கள் வீட்டில் அடுப்பு எரிகிறது. படகு உள்ளவன் வேறு துறை பார்ப்பான். இவர்கள் எங்கே போவார்கள்? மீனவர் குடும்பங்கள் என்று நீங்கள் எண்ணியது படகுப் பதிவேட்டை வைத்து. அதில் இவர்கள் பெயர் இருக்க வாய்ப்பே இல்லை.

இனி உங்கள் துறைப் பேச்சுக்கே வருகிறேன். மணல்.

நம் கரையில் ஏற்றவற்ற வித்தியாசம் சிறிது, ஒரு மீட்டருக்கு அக்கம்பக்கம்தான். அலையோ ஆண்டு முழுதும் கரையோரமாக மணலை நகர்த்திக்கொண்டே இருக்கிறது. சோழமண்டலக் கரையில் தென்மேற்குக் காற்றில் வடக்கே, வடகிழக்குப் பருவத்தில் தெற்கே. கூட்டிக் கழித்தால் வடக்கே போவதுதான் அதிகம். அந்த மணல் ஒவ்வொரு ஆற்று வாயையும் மூடப் பார்க்கிறது. ஆறு அதைத் திறக்கப் பார்க்கிறது. கோடையில் கடல் ஜெயிக்கும், வாய் அடைபடும். மழையில் ஆறு ஜெயிக்கும்.

நான் கல்லூரியில் சேர்ந்த வருடம், கார்த்திகையில், வெள்ளம் ஏறி வந்தும் வாய் திறக்காமல் தெருவுக்குள் தண்ணீர் வந்துவிட்டது. ராத்திரி இரண்டு மணிக்கு ஊரே மண்வெட்டியோடு மணல்மேட்டுக்குப் போனது. அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில், ஒரு மண்வெட்டி அகலத்துக்கு வாய்க்கால் வெட்டினார்கள். முதலில் கணுக்கால் நனையும் அளவுக்குத்தான் தண்ணீர் வழிந்தது. பிறகு கரை பொத்துப் பொத்தென்று இடிந்து விழ ஆரம்பித்தது. "ஓடுங்கடா" என்று அப்பா கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. விடியும்போது அந்த வாய்க்கால் ஒரு கால்பந்து மைதான அகலத்துக்கு ஓடிக்கொண்டிருந்தது. வெட்டியது நாங்கள். திறந்தது ஆறு.

திறந்த வாயைத் திறந்தபடி வைத்திருப்பது எது? ஒவ்வொரு ஏற்றத்திலும் உள்ளே வந்து, வற்றத்தில் வெளியே போகும் தண்ணீரின் மொத்த அளவு. அது அதிகமாக இருந்தால் வாய் அகலமாக, ஆழமாக நிற்கும். குறைந்தால் சுருங்கும். அமெரிக்கப் பொறியாளர் ஓ'பிரையன் 1931-இல் காட்டிய தொடர்பு இது. உலகம் முழுக்கத் துறைமுகப் பொறியாளர்கள் இன்றும் அதை வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். உங்களில் பலர் தேர்வில் எழுதியிருப்பீர்கள். கதவணை கட்டினால் அதற்கு மேலே ஏற்றம் போகாது. அதாவது உள்ளே வந்து போகும் தண்ணீரில் பெரும்பங்கை வெட்டிவிடுகிறீர்கள். வாய் சுருங்கும். கோடையில் சில வாரம் அடைபட்ட வாய் பல மாதம் அடைபட்டுக் கிடக்கும். கதவணைக்குக் கீழே தேங்கும் தண்ணீர் வெயிலில் பாசி பிடித்து நாறும். திடீரென்று பெருமழை பெய்து நீங்கள் எல்லாக் கதவையும் திறக்கும் இரவில், வெள்ளம் போக வாய் இருக்காது. அறிக்கையின் 200-க்கும் மேற்பட்ட பக்கங்களைப் புரட்டினேன். இந்த ஒரு கணக்கு எங்கும் இல்லை.

அடுத்து என்ன நடக்கும் என்பதும் தெரியும். வாயைத் திறந்து வைக்க இரண்டு பக்கமும் கல்சுவர் கட்டச் சொல்வீர்கள். கல்சுவருக்குத் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை அரிக்கும். சென்னைத் துறைமுகம் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுந்தபோது இதுதான் நடந்தது. தெற்கே மெரினாவில் மணல் குவிந்து அகலமானது, வடக்கே ராயபுரம் பக்கம் கடல் ஊருக்குள் ஏறியது. அரிப்பைத் தடுக்க வடக்கே கடலுக்குள் கல்லைக் கொட்டி நீட்டும் தூண்டில் வளைவு, அதற்கும் வடக்கே இன்னொரு தூண்டில் வளைவு என்று ஊர் ஊராகக் கல் போய்க்கொண்டே இருக்கும். ஒரு கதவணையின் செலவை நீங்கள் கணக்குக் காட்டுகிறீர்கள். அதன் பின்னால் வரும் கல்லின் செலவை யார் கணக்கில் எழுதுவது?

உங்கள் திட்டத்தில் இன்னொரு பகுதி உண்டு. மேலே உபநதி வந்து சேரும் கூடுதுறையில் மணலை அள்ளி ஆழப்படுத்துவது. அங்கே நின்று ஆற்றைப் பார்த்திருக்கிறீர்களா என்று தெரியவில்லை. மழை பெய்த மறுநாள் போனால், செம்மண் கலந்த ஒரு தண்ணீரும் கலங்காத ஒரு தண்ணீரும் பக்கத்தில் பக்கத்தில் கோடு போட்டதுபோல் ஓடும். அந்தக் கோட்டின்மேல் சின்னச் சின்னச் சுழிகள் வரிசையாக உருண்டு போகும். தேவப்பிரயாகையில் பாகீரதியும் அலக்நந்தாவும் சேரும் இடத்திலும் இரண்டு நிறம் தெரியும். பிரேசிலில் ரியோ நீக்ரோவின் கறுப்புத் தண்ணீர் அமேசானின் வண்டல் தண்ணீரோடு சுமார் 6 கிலோமீட்டர் கலக்காமல் ஓடுகிறது. வெப்பமும் வேகமும் எடையும் வேறாக இருப்பதால் வருவது இது. இரண்டு ஓட்டமும் மோதிக் கீழ்நோக்கித் திரும்பும் இடத்தில் ஆற்றின் அடி குடையப்பட்டு மடு உண்டாகிறது. சற்றுத் தள்ளி, உள்வளைவில், ஓட்டம் தளரும் இடத்தில் மணல் திட்டு சேர்கிறது. மடுவும் திட்டும் ஜோடி. வைகாசியில் ஆறு முழுக்க மணலாகக் கிடக்கும்போது அந்த மடுவில்தான் விராலும் கெளுத்தியும் வாளையும் உயிர் பிழைக்கும். முதல் வெள்ளத்தில் அங்கிருந்துதான் ஆறு முழுதும் மறுபடி மீன் பரவும். ஏற்கெனவே மணல் அள்ளியதில் எங்கள் மடு இருந்த இடம் தெரியவில்லை. திட்டை அள்ளினால் ஓட்டம் மாறும், ஓட்டம் மாறினால் மடு தூரும். இரண்டு ஆறு சேர்ந்து செய்த வேலையைப் பொக்லைன் ஒன்று செய்து கொடுக்காது.

அந்த மணல் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பது எனக்குப் பிடித்த வேலை. முகத்துவாரத்தில் ஒரு பிடி அள்ளி வெள்ளைக் காகிதத்தில் பரப்பி, லென்ஸ் வைத்துப் பாருங்கள். கண்ணாடிப் பொடி போல் இருப்பது குவார்ட்ஸ். மாதுளை முத்துப் பொடித்தது போல் சிவப்பாக இருப்பது கார்னெட். காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனால் எழுந்து ஒட்டும் கறுப்புத் துகளும், மினுக்கும் அப்பிரகமும் உண்டு. மேற்கு மலையின் பழம்பாறைகள் உடைந்து, ஒவ்வொரு உபநதியும் தன் பங்கைக் கூடுதுறையில் சேர்த்து, கடைசியில் இங்கே வந்து சேர்ந்தவை. என் மாணவர்களுக்கு இதைக் காட்டிவிட்டுச் சொல்வேன், நாம் நிற்கும் தரை மலையிலிருந்து நடந்து வந்தது என்று.

மிகையில்லை. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், கடல் மட்டம் இன்றைவிடச் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. ஆறுகள் இன்றைய கரையைத் தாண்டி வெகுதூரம் ஓடிப் பள்ளம் பறித்தன. பனி உருகிக் கடல் ஏறி அந்தப் பள்ளங்களை மூழ்கடித்தது. ஏறக்குறைய 7,000 ஆண்டுகளுக்கு முன் கடல் ஏற்றம் தணிந்த பிறகுதான் ஆற்று மணலும் வண்டலும் வாயில் தங்க ஆரம்பித்தன. காவிரிப் படுகை, கோதாவரிப் படுகை, கங்கைப் படுகை என்று நாம் இன்று காணும் கடைமடைச் சமவெளி உருவானது அப்படித்தான். பாண்டியரின் முத்துத் துறைமுகமான கொற்கை ஒரு காலத்தில் பொருநையின், அதாவது தாமிரபரணியின், வாயில் இருந்தது. இன்று அங்கிருந்து கடலைப் பார்க்கப் பல கிலோமீட்டர் கிழக்கே போக வேண்டும். அவ்வளவு நிலத்தையும் ஆறுதான் போட்டது, கடலுக்குப் போன தண்ணீரோடு.

வண்டல் மண் தன் எடையாலேயே மெல்ல மெல்ல அமுங்கிக்கொண்டே இருக்கும். புது வண்டல் வந்து சேரும் வரை தெரியாது. வரத்து நின்றால் தெரியும். எகிப்தில் அஸ்வான் பேரணை 1964-இல் வெள்ளத்தைப் பிடிக்கத் தொடங்கியது. நைல் வாயை ஒட்டிய கடலில் 1962-இல் சுமார் 18,000 டன்னாக இருந்த சாளை மீன்பாடு, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் சில நூறு டன்னாகச் சரிந்தது. வெள்ளத்தோடு வந்த சத்து நின்றதும் நுண்பாசி செத்தது, பாசி போனதும் மீன் போனது. பல ஆண்டு கழித்து மீன் திரும்பியது உண்மைதான். அதற்குப் பெரும் காரணம் வயல் உரமும் நகரச் சாக்கடையும் தந்த சத்து என்று ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். அரிக்கப்பட்ட ரொசெட்டா முனை மட்டும் திரும்பவில்லை. பாகிஸ்தானில் சிந்து ஆற்றில் 1955-இல் கோட்ரி தடுப்பணை வந்த பிறகு, கீழே கடலுக்கு ஒரு சொட்டும் போகாத நாட்கள் பெருகின. தட்டா, பதின் மாவட்டங்களில் விளைநிலத்துக்குள் கடல் ஏறியது. கங்கையில் 1975-இல் ஃபராக்கா தடுப்பணை செயல்பட ஆரம்பித்தபின், கடலிலிருந்து அலகாபாத் வரை ஏறிய உல்லம் (ஹில்சா) மீன் மேலே அருகிப்போனது.

நம் பக்கத்து உதாரணம் கேரளத்தின் தண்ணீர்முக்கம் தடுப்பணை. 1970-களில் வேம்பநாட்டுக் காயலின் குறுக்கே, குட்டநாட்டு நெல்லுக்கு உப்பு ஏறாமல் காக்கத்தான் கட்டினார்கள். நல்ல நோக்கம்தான். கோடையில் கதவை மூடியதும் தெற்குப் பக்கத் தண்ணீர் அலசப்படாமல் தேங்கியது, ஆகாயத்தாமரை மண்டியது. குஞ்சுப் பருவத்துக்கு உவர்நீர் தேடி இறங்கும் ஆற்றுக்கொஞ்சன் என்ற பெரிய நன்னீர் இறால் வழி அடைபட்டுக் குறைந்தது. உழவரும் மீனவரும் இன்றுவரை கதவை எப்போது திறப்பது என்று வருடாவருடம் மல்லுக்கட்டுகிறார்கள். எங்கள் ஊரிலும் அந்தச் சண்டையை விதைக்காதீர்கள். மேலே வயல் வைத்திருப்பவர்களும் என் சொந்தக்காரர்கள்தான்.

சரி, உப்பு ஏறுவதைத் தடுக்கத்தானே என்பீர்கள். அந்தக் கவலையை நான் மறுக்கவில்லை. எங்கள் தெருக்கோடி அடிபம்பில் என் பாட்டி குடித்த தண்ணீரை இன்று மாடுகூட முகர்ந்துவிட்டு விலகுகிறது. கதவணைக்கு மேலே உள்ள கிணறுகளில் கொஞ்சம் நல்ல தண்ணீர் ஊறும் என்பதும் சரிதான். ஆனால் உப்பு ஏன் ஏறியது? நிலத்தடியிலும் அதே 1,000-க்கு 1,025 கணக்குதான். கடலோரத்தில் நன்னீர் மட்டம் கடல் மட்டத்தைவிட 1 மீட்டர் உயரமாக இருந்தால், கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம் வரை நன்னீர் உப்பை அழுத்தி வைத்திருக்கும். ஆழ்துளைக் கிணறு போட்டு அந்த 1 மீட்டரை உறிஞ்சினால், அடியிலிருந்து உப்பு 40 மீட்டர் எழும்பி வரப் பார்க்கும். ஆற்று மணலை அள்ளி அடியைத் தாழ்த்தியபோது மேற்பரப்பிலும் கடல் கூடுதல் தூரம் உள்ளே வர வழி வெட்டிக் கொடுத்தோம். காரணம் மணல் அள்ளுவதும், வரம்பின்றி இறைப்பதும், கோடையில் ஆற்றை முழுக்க நிறுத்துவதும். வாயில் கதவு போட்டால் இந்த மூன்றும் நிற்காது. கதவுக்கும் கடலுக்கும் நடுவே குடியிருக்கும் எங்களுக்கு இருந்த கொஞ்ச நன்னீரும் போகும்.

சட்டத்தையும் பார்த்தேன். 2019-ஆம் ஆண்டுக் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, ஆற்றுக்குள் கடலின் எல்லை எதுவரை என்பதை உப்பை வைத்துத்தான் தீர்மானிக்கிறது. ஆண்டின் வறண்ட காலத்தில் ஆயிரத்துக்கு 5 பங்கு உப்பு இருக்கும் இடம்வரை. கதவணை எழுந்தால் அந்தக் கோடு கதவணைக்கே இறங்கிவிடும். மேலே இருக்கும் அலையாத்தித் திட்டுகளும் சேற்றுப் பரப்பும் ஒரே கோடையில் கடற்கரைச் சட்டத்தின் காவலிலிருந்து விலகிப்போகும். அப்புறம் அங்கே மனை போட யார் தடுப்பார்கள்? திட்டத்தின் நோக்கம் அது என்று நான் குற்றம் சாட்டவில்லை. விளைவு அதுதான்.

காவிரி நடுவர் மன்றம் 2007-இல் கொடுத்த இறுதித் தீர்ப்பில் 740 டிஎம்சி தண்ணீரைப் பங்கிட்டது (ஒரு டிஎம்சி நூறு கோடி கன அடி). சுற்றுச்சூழலுக்கு 10, தவிர்க்க முடியாமல் கடலுக்குப் போவதற்கு 4. 2018-இல் உச்ச நீதிமன்றம் மாநிலங்களின் பங்கை மாற்றியபோதும் இந்த 14 அப்படியே நின்றது. நூற்றுக்கு 2 பங்குகூட இல்லை, அதிலும் கடலுக்கான பங்கின் பெயர் தவிர்க்க முடியாதது. இவ்வளவு பெரிய ஆற்றுக்கே இப்படி என்றால், எங்கள் சின்ன ஆற்றின் வாய்க்கு யார் ஒரு பங்கு எழுதி வைப்பார்கள்? 2014-இல் அமெரிக்காவும் மெக்சிகோவும் பேசி முடிவெடுத்து, வறண்டுபோன கொலராடோ ஆற்றின் கடைமடைக்கு வேண்டுமென்றே தண்ணீர் விட்டன. அந்த மே மாதம் ஆறு மறுபடி கடலைத் தொட்டது. அமெரிக்காவின் எல்வா ஆற்றின் இரண்டு அணைகளை 2011-இலிருந்து 2014-க்குள் எடுத்ததும், அடைபட்டிருந்த மணல் இறங்கி வந்து முகத்துவாரத்தில் புதுக் கரை போட்டது. தண்ணீரைக் கடலுக்கு அனுப்ப முடிவெடுக்கிறவர்களும் பொறியாளர்கள்தான்.

நான் கேட்பது இவை.

ஒப்பந்தப்புள்ளியை நிறுத்தி வையுங்கள். ஒரு முழு ஆண்டு, அமாவாசை, பௌர்ணமி, அட்டமி என்று ஏற்றம் கூடும் நாளிலும் குறையும் நாளிலும், மேல் தண்ணீரிலும் அடித் தண்ணீரிலும் உப்பை அளந்த பிறகு முடிவெடுங்கள். மழைக்காலத்தில் ஒரு நாள் வந்து கரையோரம் நின்று மொண்ட ஒரு பாட்டில் தண்ணீரை வைத்து அறிக்கை எழுதாதீர்கள். அளக்கும்போது எங்கள் ஊர்க்காரர்கள் தோணியில் கூட வருவார்கள்.

ஏற்றவற்றத்தில் வந்து போகும் நீரின் அளவைக் கதவணை இல்லாமலும் கதவணையோடும் கணக்கிட்டு, முகத்துவாரம் எவ்வளவு சுருங்கும், அடைபட்ட வாயோடு பெருவெள்ளம் வந்தால் எந்தத் தெருவில் எவ்வளவு உயரம் தண்ணீர் நிற்கும் என்பதை வெளியிடுங்கள். இரண்டு பக்கமும் பத்துக் கிலோமீட்டர் கரைக்கு என்ன ஆகும் என்பதையும் சேர்த்து.

ஆயிரத்துக்கு 5 பங்கு என்ற உப்புக் கோட்டை இந்தக் கோடையிலேயே அளந்து வரைபடத்தில் குறித்து, எந்தத் திட்டம் வந்தாலும் அந்தப் பழைய கோடே நிலைக்கும் என்று எழுத்தில் கொடுங்கள்.

கூடுதுறையில் மணல் அள்ளுவதைத் திட்டத்திலிருந்து நீக்குங்கள். அதற்கு ஒதுக்கிய பணத்தில் மேலே தூர்ந்து கிடக்கும் ஏரிகளையும் வரத்துக் கால்வாய்களையும் முதலில் தூர் வாருங்கள். அவற்றின் கொள்ளளவு தீர்ந்த பிறகும் தண்ணீர் தேவையென்றால், எங்களைக் கூப்பிட்டுப் பேசுங்கள்.

ஆற்றின் வாய்க்கு என்று ஒரு பங்கை மாதவாரியாக நிர்ணயித்து அறிவியுங்கள். ஐப்பசி, கார்த்திகையின் முதல் வெள்ளம் தடையின்றி இறங்க வேண்டும். கோடையிலும் வாய் ஈரம் காயாத அளவுக்கு ஓட வேண்டும்.

கையால் இறால் பிடிக்கும் பெண்களை வீடு வீடாகப் போய் எண்ணுங்கள். அடுத்த கூட்டத்தை அவர்கள் தண்ணீரில் இறங்கும் வற்ற நேரத்தில் வைக்காமல், மாலையில், துறைக்குப் பக்கத்திலேயே வையுங்கள்.

திட்ட அறிக்கையின் முதல் பக்கத்தில் இருக்கும் "வீணாக" என்ற சொல்லை அடித்துவிட்டு, அந்தத் தண்ணீர் இப்போது கீழே என்னென்ன வேலை செய்கிறது என்பதை அந்த இடத்தில் எழுதுங்கள். எழுத உதவி வேண்டுமென்றால் நான் வருகிறேன்.

இவற்றுக்கு 60 நாளுக்குள் தமிழில், எழுத்தில் பதில் வேண்டும். ஒரு நகல் எனக்கு, ஒன்று ஊராட்சிப் பலகைக்கு, இன்னொன்று துறையில் வலை உலர்த்தும் கொட்டகைச் சுவருக்கு.